அக்காவின் தைராய்டு மாத்திரையும் அலமாரியில் இருந்த மற்ற பாட்டில்களும்

விடுப்பில் ஊருக்குப் போனால் வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரி வேலை காத்திருக்கும். வெளிநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் இது பழக்கம்தான். இந்த முறை அக்காவுக்கு. தைராய்டில் பாப்பிலரி வகைப் புற்றுநோய் வந்து, சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இப்போது வருடாந்திரப் பரிசோதனை நேரம். லேப், டாக்டர், மருந்துக் கடை, அணு மருத்துவப் பிரிவு என்று எல்லா இடத்துக்கும் கூடவே போனேன். எங்கே எப்படிக் கவனித்தார்கள் என்று எழுத வேண்டும் என்று தோன்றியது. அதிலும் ஒரு விஷயத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன்: சீட்டில் எழுதிய மருந்தைத் தவிர நோயாளி வேறு என்னென்ன சாப்பிடுகிறார் என்று யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை.

லேபில் வேகத்துக்குக் குறையே இல்லை. விடிந்ததும் திறந்துவிட்டார்கள், ரத்தம் எடுத்த பெண் வலி தெரியாமல் எடுத்தார், மாலைக்குள் ரிப்போர்ட் கைபேசிக்கு வந்துவிட்டது. படிவத்தில் பெயர், வயது, வெறும் வயிறா என்று கேட்டிருந்தார்கள். வேறு மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்று ஒரு கட்டம் இல்லை, வாய்வார்த்தையாகவும் யாரும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், மாத்திரை அதிகமானால் இது இறங்கும்) அடிமட்டத்தில், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) மேல் எல்லையைத் தாண்டி, தைரோகுளோபுலின் (தைராய்டு அணுக்கள் சுரக்கும் புரதம்) கண்டறிய முடியாத அளவில். பார்த்தால், மாத்திரை கொஞ்சம் அதிகம், ஆனால் நோயின் சுவடு இல்லை என்று அர்த்தம். அருகில் இருந்த ஒரு பொது மருத்துவர் அப்படித்தான் படித்தார். "டோஸ் ஜாஸ்தியா இருக்கும்மா, குறைச்சிடலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அது பொருந்தவில்லை. அக்கா தினமும் போடுகிற தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் அதிகமானால் படபடப்பு வரும், கை நடுங்கும், தூக்கம் கெடும், உடம்பு இளைக்கும். அக்காவோ எடை கூடி, எப்போதும் சோர்ந்து, எல்லோருக்கும் புழுங்குகிற நேரத்தில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முடிச்சை அவிழ்த்தது மருந்துக் கடையில் இருந்த பெண். பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், மருந்தை எடுக்கப் போகாமல் அக்காவிடம் கேட்டார்: "ஆபரேஷன் ஆனவங்கதானே? கால்சியம் எத்தனை மணிக்குப் போடுறீங்க? முடிக்கு, நகத்துக்குன்னு ஏதாவது சாப்பிடுறீங்களாக்கா?"

"முடி கொட்டுதுன்னு ஒண்ணு சாப்பிடுறேன். அது வெறும் வைட்டமின்தான்."

"ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி அதை நிறுத்தினீங்களா? டோஸைக் குறைக்கறதுக்கு முன்னாடி உங்க கேன்சர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றபோதும் அவர் இதைக் கேட்டார். இந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த மருத்துவ சேவை அதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்த பாட்டில்களை எல்லாம் மேஜையில் எடுத்து வைத்து, பின்பக்க எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். முடிக்கான பாட்டிலில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் 10,000 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமானது 30. 'தைராய்டுக்கு ஆதரவு' என்று போட்டிருந்ததில் செலினியம் என்ற தாதுச் சத்து 200 மைக்ரோகிராம், கூடவே கடற்பாசிப் பொடி. 'எதிர்ப்புச் சக்தி' பாட்டிலிலும் செலினியம் 200. பொதுவான மல்டிவைட்டமினில் செலினியம் 55, அதனுடன் இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம். பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்துபோகிற சொந்தக்காரர்கள் பாசத்தோடு கொடுத்தவை. எதுவும் எந்த டாக்டர் சீட்டிலும் இல்லை.

நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் பாட்டில்களையே பையில் போட்டுக் கொண்டுபோனோம். அவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். பல தைராய்டுப் பரிசோதனை முறைகளில் பயோட்டினையே ஒட்டுப் பொருளாக வைத்து அளக்கிறார்கள். ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் அது நடுவில் புகுந்து கணக்கைக் கெடுக்கும். டி.எஸ்.எச்.சும் தைரோகுளோபுலினும் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும், ஃப்ரீ டி4 உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அக்காவின் ரிப்போர்ட் இருந்தது அச்சு அசலாக அப்படித்தான். தைரோகுளோபுலின் விஷயம்தான் என்னைக் கலங்க வைத்தது. சுரப்பியை எடுத்தவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று காட்டுகிற அடையாளம் அது. அது பொய்யாகக் குறைந்து தெரிந்தால், எச்சரிக்கை மணியையே அணைத்து வைத்த மாதிரி. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இலேயே பயோட்டின் பற்றி எச்சரித்தது. 2019-இல் மீண்டும் சொன்னது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் பரிசோதனை பயோட்டினால் குறைவாகக் காட்டி, ஒருவர் இறந்ததையும் 2017 எச்சரிக்கையில் குறிப்பிட்டிருந்தார்கள்.

அது பாதிக் கதைதான். அக்கா காலையில் தைராக்சினைப் போட்ட கையோடு கால்சியத்தையும் மல்டிவைட்டமினையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள். கால்சியம், இரும்பு, மெக்னீசியம் மூன்றுமே தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாது. அமிலத்துக்குப் போடுகிற ஆன்டாசிட்டும் அப்படியே. ஆக, உடம்பில் உண்மையில் மருந்து குறைவு, காகிதத்தில் மருந்து அதிகம். பொது மருத்துவர் சொன்னபடி டோஸைக் குறைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். புற்றுநோய்க்காக அறுவை செய்தவர்களுக்கு தைராக்சின் வெறும் ஈடுகட்டும் மருந்து மட்டும் இல்லை. டி.எஸ்.எச். ஏறினால், மிச்சமிருக்கக்கூடிய தைராய்டுப் புற்றணுக்களை அது தூண்டும் என்பதால், அதை அடக்கி வைப்பதும் அந்த மாத்திரையின் வேலை. எந்த அளவுக்கு அடக்குவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆபத்து அதிகமானவர்களுக்கு 0.1-க்கும் கீழே, குறைவானவர்களுக்கு 0.5 முதல் 2 வரை என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் சொன்னது. தேவைக்கு மேல் அடக்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். அதனால் எண் சரியாக இருப்பது இவர்களுக்கு உயிர்நாடி.

இதைக் கேட்டதும் அக்கா, "அப்போ கால்சியத்தை நிறுத்திடட்டுமா டாக்டர்?" என்றாள். டாக்டர் கையை உயர்த்தித் தடுத்தார். கழுத்தில் அறுவை நடக்கும்போது, தைராய்டை ஒட்டி இருந்து கால்சியம் அளவைக் கவனிக்கிற பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல் நுனியில் குறுகுறுப்பு, தசை இழுத்துப் பிடிப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். அக்காவுக்குக் கால்சியம் சீட்டில் எழுதிய மருந்து, நிறுத்தக் கூடாது. நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு, கால்சியமும் இரும்பும் குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளி. காலையில் முடியாதவர்கள், இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துத் தூங்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாமாம். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பயோட்டினை நிறுத்தி, சில நாள் விட்டு மறுபடி ரத்தம் கொடுத்தோம். குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்த வேண்டும் என்பது தைராய்டு சங்கத்தின் அறிவுரை. இவ்வளவு அதிக அளவு எடுத்தவர்கள் இன்னும் சில நாள் விடுவது நல்லது என்றார் டாக்டர். இந்தத் தடவை டி.எஸ்.எச். அக்காவுக்கு வைத்திருந்த இலக்குக்கு மேலே நின்றது. தைரோகுளோபுலின் நல்லவேளையாக மிகக் குறைவாகவே இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம்.

செலினியத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். டி4 ஹார்மோனை அதன் செயல்படும் வடிவமான டி3 ஆக மாற்றுகிற நொதிகளுக்குச் செலினியம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும். அமெரிக்காவில் உச்ச வரம்பு 400. ஐரோப்பாவில் 2023-இல் அதை 255 ஆகக் குறைத்துவிட்டார்கள். அக்காவின் மூன்று பாட்டில்களைக் கூட்டினால் 455. ஒவ்வொரு பாட்டிலும் தனியாகப் பார்த்தால் வரம்புக்குள்தான், சேரும்போதுதான் எல்லை மீறுகிறது. அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். முடி கொட்டுகிறது என்று இன்னொரு பாட்டில் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குச் செலினியமும் வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பார்த்த செலக்ட் ஆய்வை 2008-இல் பாதியில் நிறுத்தினார்கள். செலினியத்தால் பலன் இல்லை. வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது பின்னால் தெரிந்தது. ஏற்கெனவே புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களைக் கவனித்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், நாளைக்கு 140 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் செலினியம் எடுத்தவர்களிடையே அந்த நோயால் இறப்பு அதிகமாக இருந்தது. அது கவனித்துப் பார்த்த ஆய்வு மட்டுமே, செலினியம்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. இருந்தாலும் 'சத்துதானே, கெடுதல் செய்யாது' என்று சொல்லிக் கொடுக்கிற தைரியம் எனக்குப் போய்விட்டது.

பெரியப்பாவையும் பார்த்துவிட்டு வந்தேன். நுரையீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற சிகிச்சை, நடக்கிறது. கொஞ்ச காலமாக எழுந்திருக்கவே முடியாத அசதி. மருந்தின் அசதி என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த வகை மருந்துகள் தைராய்டைத் தாக்கிச் செயலிழக்க வைக்கலாம். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும், சுனிட்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது நேரும். அவருடைய மருத்துவமனையில் ஒவ்வொரு சுற்று மருந்துக்கும் முன் தைராய்டைப் பார்க்கிறார்கள், அதனால் கண்டுபிடித்தார்கள். தைராக்சின் தொடங்குவதற்கு முன், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவையும் பார்த்தார்கள். அட்ரீனல் சுரப்பியும் பாதிக்கப்பட்டிருந்தால் தைராக்சின் மட்டும் கொடுப்பது ஆபத்து என்று நர்ஸம்மா விளக்கினார். யாரோ நல்லெண்ணத்தில் கொடுத்த 'தைராய்டு ஆதரவு' காப்ஸ்யூலும் வீட்டில் இருந்தது. அதை எடுக்க வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். 2013-இல் இப்படிப்பட்ட 10 தயாரிப்புகளைச் சோதித்தபோது 9-இல் டி3 ஹார்மோனே இருந்தது, 5-இல் டி4-உம் இருந்தது. ஹார்மோன் கலந்திருப்பது தெரியாமல் ஒருவர் அதைச் சாப்பிட்டால், டாக்டர் எந்த ரிப்போர்ட்டை நம்பி டோஸ் எழுதுவார்?

அணு மருத்துவப் பிரிவில் கொடுத்த தாளைப் பார்த்து மகிழ்ந்தேன். அக்காவுக்கு ரேடியோ அயோடின் (கதிரியக்க அயோடின்) ஸ்கேன் பிறகு வைத்திருக்கிறார்கள். அயோடின் கலந்த சாயம் ஏற்றி சி.டி. எடுத்தீர்களா, எப்போது? இதயத் துடிப்புக்கான, அயோடின் உள்ள அமியோடரோன் மருந்து சாப்பிடுகிறீர்களா? கடற்பாசி மாத்திரை, மல்டிவைட்டமின், அயோடின் மருந்து தடவியது உண்டா? ஒவ்வொன்றுக்கும் கட்டம், ஊழியர் கூடவே உட்கார்ந்து நிரப்புகிறார். தைராய்டு அணுக்கள் சாதாரண அயோடினையும் கதிரியக்க அயோடினையும் பிரித்துப் பார்க்காது. உடம்பில் சாதாரண அயோடின் நிறைந்திருந்தால் ரேடியோ அயோடினுக்கு உள்ளே இடம் கிடைக்காது. அதனால்தான் ஒன்றிரண்டு வாரம் அயோடினை நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். கடற்பாசிக் காப்ஸ்யூலில் எவ்வளவு அயோடின் இருக்கும் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், சிலவற்றில் ஒரு நாள் தேவையான 150-ஐப் போலப் பல மடங்கு.

கிளம்புவதற்கு முன் பாட்டில்கள் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து டாக்டரின் எண்ணுக்கு அனுப்பினோம். சீட்டில் கடைசியில் 'சத்து மாத்திரைகள்' என்று தனியாக எழுதிக் கொடுத்தார். அதில் மிஞ்சியது கால்சியமும் வைட்டமின் டி-யும்தான். தைராக்சின் டோஸை மாற்றவில்லை, நேரத்தைச் சரி செய்தாலே போதுமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அடுத்த ரத்தப் பரிசோதனை ஆறிலிருந்து எட்டு வாரத்தில். தைராக்சினின் அரை ஆயுள் ஒரு வாரம் என்பதால், அதற்கு முன் பார்த்தால் எண் நிலைத்திருக்காது. அத்தை மகள் கூட்டிப்போவாள். அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை, அதே லேப், அதே முறை. அந்த லேபின் மேலாளரிடமும் பேசினேன். உங்கள் பரிசோதனை பயோட்டின் முறையா என்று கேட்டால் சொல்வோம் என்றார். படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி எழுதியும் கொடுத்துவிட்டு வந்தேன்.