நாற்றத்துக்கு ரிப்போர்ட் வாங்கின கதை: ஒரு காற்றுப் பரிசோதனை லேப் பற்றி

பெருங்குடி குப்பைக்கிடங்குக்குக் கிழக்கே, ஓ.எம்.ஆர். ஓரமாக எங்கள் அபார்ட்மென்ட். விடியற்காலை நாற்றத்துக்குக் கையில் ஒரு ரிப்போர்ட் இருந்தால்தான் மனு கொடுக்க முடியும் என்று அசோசியேஷனில் முடிவாகி, நகரத்திலேயே இருக்கும் ஒரு தனியார் லேபைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம், எந்த லேபைக் கூப்பிட்டாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். முதல் ரிப்போர்ட்டுக்கு ஒரு ஸ்டார், மறுபடி எடுத்துக் கொடுத்ததற்கு நாலு.

கொட்டேஷன் அன்றைக்கே வந்தது, பில்லில் ஒளிவுமறைவு இல்லை, டெக்னீஷியன் தம்பி சொன்ன நேரத்துக்கு டாண் என்று வந்தார். அந்த நேரம்தான் கோளாறே. நடுப்பகல். கடல்காற்று கிளம்பிவிட்டால் நாற்றமெல்லாம் பள்ளிக்கரணை, மடிப்பாக்கம்காரர்கள் தலையில்தான், எங்களுக்கு வருவது விடிகாலையில் மேற்கிலிருந்து மெதுவாக வீசும் காற்றில். "ஆபீஸ் டைம் சார்" என்றார். சரி, அவரைச் சொல்லி என்ன பயன்.

மொட்டை மாடியில் ஒரு கைக்கருவியை நீட்டி ஹைட்ரஜன் சல்பைடு (அழுகின முட்டை நாற்ற வாயு) பூஜ்யம் என்று காட்டினார். அது சாக்கடைக்குள், டேங்குக்குள் இறங்குகிறவர்களின் உயிரைக் காக்கச் செய்த கருவி, பி.பி.எம். கணக்கில்தான், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்றுதான் பேசும். ஆனால் குப்பை நாற்றத்தில் இருக்கும் மெத்தில் மெர்காப்டன் என்ற கந்தக வாயுவை நம் மூக்கு ஒரு பி.பி.பி.க்கும் கீழேயே பிடித்துவிடும், அதாவது நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. சிலிண்டர் கேஸில் அதன் தம்பியான எத்தில் மெர்காப்டனைத் துளியூண்டு கலப்பதே இந்தக் காரணத்துக்காகத்தான்.

அப்புறம் ரிப்போர்ட் வந்தது. கந்தக டைஆக்சைடு அளவுக்குள் இருக்கிறதாம், 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம், நல்லது. ஆனால் அது நிலக்கரி, டீசல் எரிவதால் வருவது, எங்கள் புகார் அதைப் பற்றியே இல்லை. 2009 தேசியக் காற்றுத் தரப் பட்டியலில் இருக்கும் 12 பொருட்களில் மெர்காப்டன் கிடையாது, அதனால் வழக்கமான பேக்கேஜிலும் கிடையாது. (ஜப்பானில் நாற்றத்துக்கென்றே 1971-ல் சட்டம் போட்டுவிட்டார்கள், இப்போது அதில் 22 பொருட்கள்.) தனியாகக் காசு கட்டிக் கேட்ட மெர்காப்டன் வரியில் 'பி.டி.எல்.', அதாவது கண்டறியும் எல்லைக்குக் கீழே. எல்லை எவ்வளவு என்று பொடி எழுத்தில் தேடினால் 50 பி.பி.பி.! மூக்கே தாங்காத அளவுக்கு நாறினாலும் இந்த ரிப்போர்ட்டில் பி.டி.எல். என்றுதான் வரும்.

போன் போட்டுச் சண்டை பிடித்தபோது சீனியர் அனலிஸ்ட் ஒருவர் லைனுக்கு வந்தார். நாலு ஸ்டாரும் அவருக்குத்தான். அவர்களிடம் இருந்தது கேஸ் குரோமட்டோகிராஃபில் (காற்றில் கலந்திருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே விடும் கருவி) பிளேம் போட்டோமெட்ரிக் டிடெக்டர்: ஹைட்ரஜன் சுடரில் கந்தகம் நீலமாக ஒளிர்வதை அளப்பது. கந்தகம் பாதியானால் ஒளி கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும், அதனால் குறைந்த அளவில் சீக்கிரமே கண் மங்கிவிடும். போதாததற்கு வண்டிப்புகை ஹைட்ரோகார்பன்கள் கந்தகத்தோடு ஒரே நேரத்தில் வெளியே வந்தால் அந்த ஒளியையும் அமுக்கிவிடும், ஓ.எம்.ஆர். காற்றில் வண்டிப்புகைக்கா பஞ்சம்? கெமிலுமினசென்ஸ் டிடெக்டர் (வேதிவினையில் வரும் ஒளியை அளப்பது) என்றால் இந்தத் தொல்லை இல்லை, அது வேறு லேபில் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன் என்று அவரே சொன்னார். சாம்பிளைப் பையில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் கருவியில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும், இந்தச் சேர்மங்கள் வெறும் ஸ்டீலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உள்ளே சிலிக்கா பூசின கேனிஸ்டர்தான் (காற்றை அடைத்து எடுத்துப்போகும் உலோகக் குடுவை) நல்லது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

மறுபடி சாம்பிள் எடுக்க வந்தது விடிவதற்கு முன்னால், நாற்றம் உச்சத்தில் இருக்கும்போது. இந்தத் தடவை மெத்தில் மெர்காப்டன், டைமெத்தில் சல்பைடு, டைமெத்தில் டைசல்பைடு மூன்றும் சில பி.பி.பி. அளவில் ரிப்போர்ட்டில் ஏறின. டைமெத்தில் சல்பைடு கடலிலிருந்தும் வரும், ஆனால் அது மிகச் சொற்பம், அதுவும் மேற்குக் காற்றில் கடல் எங்கே வந்தது? அழுகும் குப்பையில் காற்றுப் புகாத இடத்தில் உண்டாகும் கூட்டம்தான் இது என்றார் அனலிஸ்ட். குப்பைதான் என்று கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்களாம், அளவு மட்டும்தான் தருவார்களாம். அது நியாயம்தான்.

லேபைச் சோதிக்க ஒரு வழி: கார்போனைல் சல்பைடு என்ற இன்னொரு கந்தக வாயு எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். உலகத்தில் எந்த ஊர்க் காற்றிலும் அது சுமார் அரை பி.பி.பி. இருக்கும். அதையே 'இல்லை' என்று எழுதியிருந்தால் மற்ற 'இல்லை'களையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

காசு அதிகம்தான், கேனிஸ்டர் வாடகை தனி, விடிகாலைக்கு வர எக்ஸ்ட்ரா. மூன்று, நாலு அபார்ட்மென்ட் சேர்ந்து பங்கு போட்டால் தாங்கும். கொட்டேஷனிலேயே கண்டறியும் எல்லை, டிடெக்டர், சாம்பிள் எடுக்கும் நேரம் மூன்றையும் எழுதி வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.