"ரன்னிங்-இன் ஸ்பெஷல்" என்று ஒரு ஆயிலைத் தலையில் கட்டினார்கள், 31,400 ரூபாய் போச்சு

வேனோ டெம்போவோ, இன்ஜின் வேலை முடித்துவிட்டு ரன்னிங்-இன்னுக்கு, அதாவது புது பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் முதல் கட்ட ஓட்டத்துக்கு, ஆயில் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நேற்று சாயங்காலம்தான் ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டை (சிலிண்டருக்கு மேல் இருக்கும் மூடியை) மறுபடியும் கழற்றினோம். இன்று காலையில் கடைக்காரனிடம் பேசிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். வார்த்தையில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது பழைய டீசல் வேன். நானே ஓட்டுகிறேன். டூரிஸ்டுகளைக் கன்னியாகுமரி, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு என்று சுற்றிக் காட்டுவேன். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை ஓட்டம். வீட்டில் அடுப்பு எரிவது இதை வைத்துத்தான். சீசனுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று இன்ஜினை இறக்கினோம். லேத்தில் கொடுத்து போர் பண்ணி (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி), ஹோனிங் போட்டு (அதன் சுவரை உரசிச் சீராக்கி), ஓவர்சைஸ் பிஸ்டன், அதைச் சுற்றிய ரிங், பேரிங் எல்லாம் புதிதாக மாற்றியதில் 92,000 ரூபாய் ஆனது. அது நியாயமான செலவு, அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மெக்கானிக் அண்ணன் ஆயிலுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார்: 15டபிள்யூ-40, சிஎச்-4 அல்லது சிஐ-4, மினரல், 7 லிட்டர். முதலாவது ஆயிலின் கெட்டித்தன்மை, அடுத்தது டீசல் இன்ஜினுக்கான தர எண், மினரல் என்றால் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்த சாதா ஆயில். மினரல் என்பதற்குக் கீழே இரண்டு கோடு. எதற்கு அந்தக் கோடு என்று கேட்டதற்கு அவர் சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஹோனிங் போட்ட சிலிண்டர் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். புது ரிங் அந்தக் கீறலின் முனைகளில் உரசி, தானும் கொஞ்சம் தேய்ந்து, சுவரோடு பொருந்திப் பிடிக்க வேண்டும். இது பெரும்பாலும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் நடந்துவிடும். அந்த நேரத்தில் அளவான உரசல் வேண்டும். அதிக வழுக்கலான சிந்தெட்டிக் (ரசாயன முறையில் தயாரித்த) ஆயிலை ஊற்றினால் ரிங் உரசாமல் மிதந்துகொண்டே போகும் என்பது அவர் கணக்கு. ரிங் பிடிக்காவிட்டால் ஆயில் மேலே ஏறிச் சூட்டில் வெந்து, அந்தக் கீறல்களில் படிந்து, சுவரை மெழுகிவிடும். அப்புறம் எவ்வளவு ஓட்டினாலும் ரிங் பிடிக்காது. திரும்பவும் கழற்றி ஹோனிங் போடுவதைத் தவிர வழியில்லை.

இந்தச் சீட்டோடுதான் போனேன். மெயின் ரோட்டில், ஸ்பேர் பார்ட்ஸும் ஆயிலும் சேர்த்து விற்கிற, கண்ணாடி போட்ட பெரிய கடை. இதற்கு மேல் அடையாளம் சொல்லப் போவதில்லை.

முதலாளி சீட்டை வாங்கிப் படித்தார். வேலைக்காரப் பையனைத் தள்ளிவிட்டு அவரே எழுந்து வந்தார். டீ வந்தது. எந்த வண்டி, எந்த லேத், எவ்வளவு செலவு என்று அக்கறையாக விசாரித்தார். அவருடைய அப்பாவும் முன்பு வேன் ஓட்டியவராம். அரை மணி நேரப் பேச்சில் ஏதோ சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது. அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணே, இந்தச் சீட்டுல எழுதியிருக்கது பழைய ஆயிலாக்கும். ஒரு லட்சம் ரூவா போட்டு வேலை பாத்துட்டு, இருநூறு முந்நூறு மிச்சம் புடிக்கதுக்கா சாதா ஆயிலை ஊத்துவாவ? ரன்னிங்-இன்னுக்குன்னே தனி ஆயில் வந்திருக்கு. அதே 15-40தான். மெக்கானிக் சொன்ன கிரேடுதான். ஆனா சரக்கு வேற."

கேனை எடுத்து வந்து வைத்தார். லேபிளில் "ரன்னிங்-இன் ஸ்பெஷல், டீசல், 15டபிள்யூ-40, மினரல்" என்று பளிச்சென்று இருந்தது. ரன்னிங்-இன்னுக்கென்று தனி ஆயில் இருப்பது பொய்யும் இல்லை. அது பெரும்பாலும் மினரல் ஆயில்தான். கேம், டேப்பெட் (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் பாகங்கள்) தேயாமல் இருக்கத் துத்தநாகச் சேர்மானம் கூடுதலாக இருக்கும், வழுக்கலுக்கான மருந்து இருக்காது. ஆக அவர் சொன்னதிலும் லேபிளில் இருந்ததிலும் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. 5 லிட்டர் ஒன்று, ஒரு லிட்டர் இரண்டு, மொத்தம் 4,650 ரூபாய். கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார், அதுதான் இப்போதும் காதில் நிற்கிறது: "தைரியமா கொண்டு போங்க. ஏதாவது ஒண்ணுன்னா நான் இருக்கேம்லா."

லேபிளில் தான் எழுதிக் கொடுத்த கிரேடே இருந்ததால் மெக்கானிக்கும் ஊற்றிவிட்டார்.

ஓட்டிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு அதில்தான் கை வைத்தார்கள். ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை. ஒரே வேகத்தில் இழுக்கவும் இல்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக வள்ளியூர் வரைக்கும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினேன். குலசேகரம் பக்கத்து ஏற்றங்களில் மிதமான லோடு கொடுத்தேன். ஆக்சிலேட்டரை அடியோடு மிதிக்கவே இல்லை.

முதல் நூறு கிலோமீட்டரிலேயே டிப் ஸ்டிக்கில் ஆயில் இறங்கியது. சரி, புது ரிங், இருக்கட்டும் என்று இருந்தோம். ஐந்நூறு நெருங்கும்போது நீலப் புகை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறது. சிலிண்டருக்குள் நிற்க வேண்டிய அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம்.

கடைக்குப் போனேன். "புது இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும்ணே, ஆயிரம் ஓடட்டும், நின்னுரும்" என்றார். டீ வரவில்லை. அடுத்த முறை போனபோது முதலாளி வெளியூர் போயிருப்பதாகப் பையன் சொன்னான். முதலாளியின் பைக் கடை வாசலில் நிற்கிறது. போன் பண்ணினால் எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து பண்ணினேன், முதல் ரிங்கிலேயே எடுத்தார். குரலைக் கேட்டதும், "உங்க ஓட்டு சரியில்லண்ணே, லேத்துல ஏதும் கோளாறா இருக்கும், ஆயில் மேல பழி போடாதீங்க" என்று வைத்துவிட்டார். சப்ளை பண்ணுகிற ஏஜென்சி நம்பரை எப்படியோ பிடித்துக் கேட்டால், "ரன்னிங்-இன் ஸ்பெஷலா? அப்படி ஒரு சரக்கே எங்ககிட்ட இல்லையே சார்" என்கிறார்கள்.

அங்கேதான் எனக்குத் தட்டியது.

நேற்று ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரில் டார்ச் அடித்தோம். ஹோனிங் கீறல் ஒன்றுகூடத் தெரியவில்லை. தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் தம்ளர் போல வழவழவென்று முகம் தெரிகிறது. மெக்கானிக் ஒன்றும் பேசாமல் போய், மூலையில் கழிவு ஆயில் பிடிக்க எடுத்து வைத்திருந்த அந்த 5 லிட்டர் கேனைத் தூக்கி வந்தார். டீசலில் நனைத்த துணியால் துடைத்தார். லேபிளின் ஒரு ஓரம் சுருண்டு எழும்பியது. நகத்தால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது. அடியில் இன்னொரு லேபிள்! ஃபுல்லி சிந்தெட்டிக், 5டபிள்யூ-30, ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் தர அளவு) எஸ்என். பெட்ரோல் காருக்கான ஆயில். கேனின் பின்பக்கம் தயாரிப்புத் தேதி இருக்க வேண்டிய இடம் சுரண்டப்பட்டிருக்கிறது. விற்காமல் தேங்கிக் கிடந்த பழைய ஸ்டாக்குக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி, டீசல் வேன்காரன் தலையில் கட்டியிருக்கிறார்கள். நமது ஊர் வெயிலில், லோடு ஏற்றி ஏற்றம் ஏறுகிற பழைய டீசலுக்கு 40 கேட்ட இடத்தில் 30. சூட்டில் அது இன்னும் மெலிசு. டீசல் கரியைத் தாங்கிச் சுமக்கிற மருந்தும் அதில் அந்த அளவுக்குக் கிடையாது.

உரித்த ஸ்டிக்கரோடு இன்று காலையில் கடைக்குப் போனேன். முதலாளி இருந்தார். ஒரு நிமிடம் அதையே பார்த்தார். அப்புறம் கேட்டார், "பில்லு இருக்கா?"

பில்லை நீட்டினேன். வெள்ளைத் தாளில் "எஸ்டிமேட்" என்று அச்சடித்து, கீழே கையால் "ஆயில் 7 லி, 4,650" என்று மட்டும் எழுதியிருக்கிறது. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. "இது நம்ம கடை பில்லே இல்லையே அண்ணே" என்றார். பக்கத்தில் நின்ற பையன் தலையைக் குனிந்துகொண்டான். எழுதியது அவன்தான். விடாமல் கேட்டபோது, "புது காருக்கெல்லாம் கம்பெனியிலயே சிந்தெட்டிக்தான் ஊத்துகான், அது கெட்டா போவுது?" என்று பாட்டை மாற்றினார். கம்பெனி இன்ஜினில் போரைக் கடைசியாக ஒருமுறை மழுக்கி, முனைகளை எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள். லேத்தில் போட்ட ஹோனிங்கும் அதுவும் ஒன்றா? அது இருக்கட்டும். சிந்தெட்டிக் நல்லதோ கெட்டதோ, மினரல் 15-40 என்று ஸ்டிக்கர் ஒட்டி ஏன் விற்றாய் என்பதுதானே கேள்வி? அதற்குப் பதில் இல்லை. ஷட்டரை பாதி இறக்கச் சொல்லிப் பையனுக்குக் கண் காட்டினார்.

கணக்கு இதுதான். ரிங் செட், கேஸ்கட் செட் 11,200. லேத்தில் மறுபடி ஹோனிங் 2,400. சரியான ஆயிலும் ஃபில்டரும் 3,650. இறக்கி ஏற்றும் கூலி 9,500. அதோடு அந்தத் தண்ட ஆயிலுக்குக் கொடுத்த 4,650. ஆக 31,400 ரூபாய். ஓட்டம் போனது இதில் சேரவில்லை. கார்த்திகை முதல் வாரத்துக்கு வாங்கியிருந்த அட்வான்ஸை இன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு ஸ்டிக்கருக்கு 31,400 ரூபாய்!

ஆயில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும்.

ஏபிஐ என்று போட்ட இடத்தைப் பாருங்கள். சி-யில் தொடங்கினால் டீசல், எஸ்-ஸில் தொடங்கினால் பெட்ரோல். லேபிள் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள், அடியில் இன்னொன்று தட்டுப்பட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பேட்ச் நம்பரும் தேதியும் இல்லாத கேனைத் தொடாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு லிட்டர்கூட வாங்காதீர்கள். காலி கேனை எறியாதீர்கள், எனக்கு மிஞ்சிய ஒரே சாட்சி அதுதான். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வாக்கில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், இரும்புத்தூள் நிறைய வரும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வேன் வாடகைக்கு ஓடுவதால் கேஸ் நிற்காது என்று கடைக்காரனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டுகிறவனும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கடைப் பெயரை யாரும் இப்போது கேட்க வேண்டாம், மனு பதிவாகட்டும். லேத்திலிருந்து போன் வருகிறது, பிளாக்கைக் கொண்டு போய் இறக்க வேண்டும்.