மண்டபத்தில் வைத்துக் காது மெசின் விற்க வருகிறவர்கள் பற்றி

புதுக்குடியிருப்பு, விசுவமடு, ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற உறவுகள், வீட்டில் வயதுபோனவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. 2009 யுத்த நேரம் மாத்தளனில் பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்த நாளிலிருந்து இடது காது சரியில்லை. மாரி தொடங்கினால் அதில் சீழ் வடியும். வலது காதும் கொஞ்சக் காலமாக மந்தம். உயிரோடு வட்டுவாகல் பாலம் தாண்டி வந்ததே போதும் என்று அவரும் இருந்துவிட்டார், நாங்களும் இருந்துவிட்டோம்.

மாசி மாதம் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள்: பொதுநோக்கு மண்டபத்தில் இலவசக் காதுப் பரிசோதனை. காலபோக நெல் விற்ற காசு எல்லார் கையிலும் இருக்கிற நேரம். அது தற்செயல் என்று இப்போது நான் நம்பவில்லை.

போனோம். ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு ஹெட்போன். தலைக்கு மேலே காற்றாடி கடகடக்கிறது, பக்கத்து வளவில் தண்ணீர் பம்ப் ஓடுகிறது, பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள். அந்த இரைச்சலுக்குள் ஐந்து நிமிடப் பரிசோதனை. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெடியன் காதுக்குள் ஒரு தரமும் வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை. கோடு கீழே விழுகிற ஒரு படத்தைக் காட்டி, “ஐயாவுக்கு ரெண்டு காதும் போகுது. இன்னும் ஆறு மாசம் விட்டா ஒண்டும் செய்யேலாது” என்றான். அம்மா அழத் தொடங்கிவிட்டா. இரண்டு மெசினும் 130,000 ரூபாய். 80,000 கையில் கொடுத்தோம், மிச்சம் தவணை. தந்த துண்டில் மெசினின் மொடலும் இல்லை, தொடர் இலக்கமும் இல்லை.

வீட்டுக்கு வந்து போட்டால் விசிலடித்தது. காகம் கத்துவதும் உழவு மெசின் இரைச்சலும் தலைக்குள் இடித்தன. ஆனால் அம்மா கதைப்பது விளங்கவில்லை. “சத்தம் கேக்குது, கதை விளங்கேல்லை” என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் போன் எடுத்தேன். “பழகினா சரிவரும்” என்றார்கள். மூன்றாம் கிழமை இடது காது வீங்கி, சீழ் வடிந்து, காய்ச்சலும் வந்தது. திரும்ப எடுத்தால் செற்றிங் மாற்றக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். அதன் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவேயில்லை.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காசு வாங்குகிற இடமில்லை அது. காதைப் பார்த்த டொக்டர் கேட்ட முதல் கேள்வி: “இந்தக் காதுக்குள்ள ஆர் இதைப் போடச் சொன்னது?” செவிப்பறையில் ஓட்டை. வடிகிற காதை இறுக்கி அடைத்தால் காற்றுப் படாமல் கிருமி கூடும். முதலில் காதைக் காய வைக்க வேண்டும், ஓட்டை அடைகிறதா, சத்திரசிகிச்சை தேவையா என்று பார்க்க வேண்டும். மெசின் எல்லாம் பிறகு. வலது காதுக்குள் கல்லாக இறுகிய குடும்பி. அதை எடுத்த அன்றே, பஸ்சுக்குள் நான் மெல்லச் சொன்ன ஒன்றுக்கு அப்பா பதில் சொன்னார். ஒரு மெசினும் இல்லாமல்.

காது காய்ந்த பிறகு சத்தம் புகாத அறையில் வைத்துப் பரிசோதித்தார்கள். கீழ்ச் சுருதி 250 ஹேர்ட்ஸிலிருந்து மேலே 8000 வரை ஒவ்வொன்றாக. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்னக் கருவியை வைத்தும் பார்த்தார்கள்: அடைப்பாலோ ஓட்டையாலோ கேட்கவில்லையா, உள்நரம்பு பழுதா என்று அதில்தான் பிரித்தறியலாம். அப்பாவின் வலது காதில் கீழ்ச் சுருதிகள் கிட்டத்தட்டச் சரி, மேல்ச் சுருதிகள்தான் விழுந்திருந்தன. வெடிச் சத்தம் பட்ட காதுகளில் அப்படி நடப்பது வழமையாம். ச, த மாதிரி மெய்யெழுத்துகளின் ஒலி மேலேதான் இருக்கிறது. அதனால்தான் ஆள் கதைப்பது கேட்கும், சொல் விளங்காது. நாங்கள் வாங்கியதோ எல்லாச் சத்தத்தையும் ஒரேயளவாகக் கூட்டுகிற வெறும் ஒலிபெருக்கி. நல்ல கருவியை அந்தக் காதின் வரைபடத்துக்கு ஏற்றபடி கணினியில் இணைத்துச் சரிசெய்வார்கள். காதுக்குள் மெழுகு மாதிரி ஒன்றை வைத்து அச்செடுத்து, அதற்கு அளவான மோல்ட் செய்வார்கள். ஒரு தரத்தில் சரிவராது, இரண்டு மூன்று தரம் திரும்பக் கூப்பிட்டு மாற்றுவார்கள். ஆகவே கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ திரும்பப் போகக்கூடிய இடத்தில் இருக்கிறவரிடமே வாங்குங்கள்.

விற்கிறவரிடம் எங்கே படித்தவர் என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. சில கிழமை போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாமா, பற்றறி எந்த இலக்கம், கிட்ட எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். பற்றறியின் ஸ்ரிக்கரை உரித்த உடனே காற்றுப் பட்டு அது வேலை செய்யத் தொடங்கிவிடும், பாவிக்காவிட்டாலும் இறங்கும். இதைக்கூட எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அம்மா நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் உரித்து டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தா.

இன்னொன்று. நேற்று வரை கேட்ட காது திடீரென்று கேட்காமல் போனால் மெசின் தேடி அலையாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பிந்தினால் சில காதுகளைத் திருப்ப முடியாது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட்டிருக்கிறேன். துண்டில் விலாசம் இல்லாதபடியால் இழுபடுகிறது. காசு வருமோ தெரியாது. மிச்சத் தவணையை நாங்கள் கட்டவில்லை.

அதே ஆட்கள் மல்லாவிப் பக்கம் வரப்போவதாக நேற்றுக் கேள்விப்பட்டேன். போகத்தான் வேண்டும் என்றால் காசு கொண்டு போகாதீர்கள். பரிசோதனைத் தாளைக் கையில் தரச் சொல்லிக் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் எழும்பி வாருங்கள்.