ஹார்டு டிஸ்கில் பி.எஃப்.க்யூ, எம்.க்யூ-டெட்லைன்: நீண்ட காலப் பயன்பாட்டில் எது எதற்கு?

லினக்ஸ் கணினியில் இன்னும் ஹார்டு டிஸ்க் ஓடுகிறது என்றால், ஐ.ஓ ஷெட்யூலரை, அதாவது வட்டுக்குப் போகும் ரீட், ரைட் கோரிக்கைகளின் வரிசையை முடிவுசெய்யும் கெர்னல் பகுதியை, சரியாகத் தேர்ந்தெடுப்பது உண்மையிலேயே பலன் தரும். 7200 ஆர்.பி.எம் வட்டு ஒருமுறை சுற்ற 8.3 மில்லிசெகண்ட் ஆகும். வேண்டிய செக்டர் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. வட்டைப் படிக்கும் ஹெட் நகர இன்னும் எட்டு, ஒன்பது. சிதறிக் கிடக்கும் 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தால் நொடிக்கு எண்பது தேறுவதே கடினம், அதாவது சுமார் 320 கேபி. அதே வட்டு, பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும்போது 150 எம்பி தருகிறது.

எம்.க்யூ-டெட்லைன் என்ற ஷெட்யூலர் கோரிக்கைகளை செக்டர் வரிசையில் அடுக்கி, 16 வீதம் அனுப்பும். ரீடுக்குக் கெடு 500 மில்லிசெகண்ட், ரைட்டுக்கு 5 நொடி. டேட்டாபேஸ் வட்டுக்கு இதுவே போதும்.

பேக்கப் ஓடும்போதே பிரவுசரும் திறக்க வேண்டும் என்றால் பி.எஃப்.க்யூ என்ற இன்னொரு ஷெட்யூலர்தான். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி வரிசை வைத்து, ஒரு ரீட் முடிந்ததும் அதே ப்ராசஸின் அடுத்த ரீடுக்காகச் சற்றுக் காத்திருக்கும். தொடர் வாசிப்பு நடுவில் அறுபடாமல் இருப்பது இதனால்தான். பேக்கப்பை அயோநைஸ் கட்டளையின் ஐடில் வகுப்பில் (வேறு எதுவும் வட்டைக் கேட்காதபோது மட்டும் இயங்கும் வகுப்பு) ஓட்டினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். மொத்த வேகம் மட்டுமே முக்கியம் என்றால் பி.எஃப்.க்யூவின் லோ-லேட்டன்சி அமைப்பை 0 ஆக்குங்கள்.

எதை வைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு: என்.சி.க்யூ. வட்டே 32 கட்டளைகள் வரை வாங்கித் தன் விருப்பப்படி வரிசை மாற்றிக்கொள்ளும். ஷெட்யூலர் போட்ட ஒழுங்கு அங்கே கலைந்துவிடும். க்யூ டெப்த்தை (வட்டு ஒரே நேரத்தில் வாங்கும் கட்டளைகளின் எண்ணிக்கை) 1 ஆக்கினால் கட்டுப்பாடு திரும்பும், ஆனால் ரேண்டம் ரீடின் மொத்த வேகம் குறையும்.

ரீட்-அஹெட் (கேட்கும் முன்பே கூடுதலாகப் படித்துவைக்கும் அளவு) பெரும்பாலும் 128 கேபியில்தான் இருக்கும். ஒரே வட்டிலிருந்து இரண்டு மூன்று வீடியோக்கள் ஓடினால் 1024 கேபி வைக்கலாம். ஹெட் அங்குமிங்கும் அலைவது குறையும். எம்மேப் (கோப்பை நினைவகத்தோடு பொருத்திப் படிக்கும் முறை) வழியாகப் படிக்கும் டேட்டாபேஸ் உள்ள வட்டில் மட்டும் இதை ஏற்றாதீர்கள். ஒரு 4 கேபி பக்கத்தைத் தொட்டாலே சுற்றியுள்ள ஒரு எம்பி வரை கேஷுக்குள் வந்து, தேவையான பக்கங்களை வெளியே தள்ளும்.

கெர்னல் 5.0இல் (2019) பழைய ஷெட்யூலர்களான சி.எஃப்.க்யூவும் நூப்பும் நீக்கப்பட்டுவிட்டன. ஷெட்யூலரைத் தேர்வுசெய்ய பூட் வரியில் எலிவேட்டர் என்று எழுதச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். யூடெவ் (வட்டு இணையும்போது அமைப்புகளைப் போடும் லினக்ஸ் சேவை) விதி எழுதினால்தான் ரீபூட்டுக்குப் பிறகும் அமைப்பு நிற்கும். சில யூ.எஸ்.பி பெட்டிகள் எஸ்.எஸ்.டியையும் சுழலும் வட்டு என்றே காட்டும் என்பதால், விதியில் ரொட்டேஷனல் (சுழலும் வட்டா என்று காட்டும்) மதிப்பை மட்டும் நம்பாமல் வட்டின் மாடல் பெயரையும் சேருங்கள். என்.வி.எம்.இ வகை எஸ்.எஸ்.டியை 'நன்' (ஷெட்யூலர் இல்லாத) நிலையிலேயே விட்டுவிடலாம்.