ஜிம்னி பின்கதவில் 235 ஸ்டெப்னி: ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கேரியர் கிட் வாங்கலாமா?

மாருதி சுஸுகி ஜிம்னிக்கு நாலு சக்கரத்திலும் 235/75 ஆர்15 டயர் போட்டுவிட்டு, ஸ்டெப்னிக்கு மட்டும் கம்பெனி 195/80-யையே தொங்கவிடுவது சென்னையில் சகஜம். அண்ணா சாலையில் பஞ்சர் ஆனால் அது போதும்தான். ஏலகிரி, ஜவ்வாது பக்கம் போனால் கதை வேறு. கம்பெனி டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ., 235-க்கு 733. நாற்பது மி.மீ. சின்னதான ஒரு சக்கரத்தோடு ஃபோர் வீல் போட்டால், நடு டிஃபரென்ஷியல் (முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) இல்லாத இந்த வண்டியில் அந்த வித்தியாசம், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும். ஆகவே ஸ்டெப்னியும் 235 ஆகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பின்கதவில் ஸ்டெப்னியைத் தாங்கும் கம்பெனி கேரியரில் அதை மாட்டினால் டயரின் அடி பம்பரில் இடிக்கும்.

இதற்குத்தான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் பிராண்ட் ஸ்டிக்கர் இல்லாத ஒரு லோக்கல் கிட் கிடைக்கிறது. லேசரில் வெட்டிய 5 மி.மீ. இரும்புத் தகடு இரண்டு, வெளியே தள்ளி வைக்க ஒரு ஸ்பேசர், டயர் ஆடாமல் முட்டிப் பிடிக்கும் ரப்பர் ஸ்டாப்பர் மூன்று, ஒரு கவரில் போல்ட் நட்டு. கருப்பு பவுடர் கோட். பழைய கேரியரைக் கழற்றி அதே துளைகளில் அடித்தகட்டை மாட்டி, மேல்தகட்டை உயர்த்தி வைத்துப் பூட்ட வேண்டும். டிரில் தேவையில்லை, வெல்டிங் தேவையில்லை.

தகடு நன்றாகவே இருக்கிறது. வளைவு ஓரங்களில் கஸெட் (முட்டுத் தகடு) வைத்திருக்கிறார்கள், வெல்டு ஒரே சீராக ஓடியிருக்கிறது, துளைகள் வட்டமாக இருக்கின்றன. வட்டம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நீளத் துளை விட்டு ‘அட்ஜஸ்டபிள்’ என்று விற்கும் கிட்டும் பக்கத்துக் கடையிலேயே இருக்கிறது. அதில் உயரத்தைப் பிடித்து வைப்பது போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான். ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோட்டு வேகத்தடைகளில் நாலு குலுக்கு குலுக்கினால் டயர் மெல்ல இறங்கி மறுபடி பம்பரில் உட்காரும்.

எவ்வளவு உயர்த்துவது? ஆரம் 20 மி.மீ. கூடுகிறது, ஆகவே சக்கரத்தின் மையத்தை 20 ஏற்றினால் அடி பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆனால் உச்சி 40 ஏறும். வைப்பர் இருக்கும் மாடல் என்றால் மாட்டியதும் வைப்பரை ஒரு முறை ஓட்டிப் பார்க்கவும். கிட்டில் 30, 50 என இரண்டு நிலை தந்திருக்கிறார்கள். 235-க்கு 30 தாராளம். 50-இல் மாட்டினால் உள் கண்ணாடியில் பாதி இடத்தை டயரே மறைக்கும், சக்கரத்தின் எடை இன்னும் மேலே போய், வண்டி குலுங்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஆடும்.

இனி ஸ்பேசர். இந்த கிட்டில் சண்டை போட வேண்டிய விஷயம் இதுதான். கடையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஸ்பேசரைச் சேர்த்தே மாட்டுகிறார்கள். அது வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ரிம்மின் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து மாட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு (பிளஸ் என்றால் வெளிப்பக்கம், மைனஸ் என்றால் உள்பக்கம்). கம்பெனி ரிம் 5.5 இன்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 5. அதில் 195 டயர் மாட்டும் முகத்திலிருந்து கதவை நோக்கிச் சுமார் 102 மி.மீ. நீளும். அதே பிளஸ் 5 ஆஃப்செட்டில் 235 என்றால் 122 வரும், அதாவது 20 மி.மீ. கூடுதல். டயர் கதவுத் தகட்டில் உரசினால் ஸ்பேசர் அவசியம். மைனஸ் 10 ரிம் போட்டிருந்தால் கதவுப் பக்கம் நீள்வது 107 மட்டுமே. வெறும் 5 மி.மீ. வித்தியாசத்துக்கு ஸ்பேசர் எதற்கு? அந்த ரிம்மில் டயர் ஏற்கெனவே வெளிப்பக்கம் 35 மி.மீ. கூடுதலாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அதை இன்னும் தள்ளுவது கதவுக்குச் செய்யும் கெடுதல்தான். (235/75-ஐ கம்பெனி 5.5 ரிம்மில் திணிக்கிறவர்களும் உண்டு. இந்த அளவுக்கு 6 இன்ச்சுக்குக் குறையாத ரிம் வேண்டும்.)

வெளியே தள்ளுவதில் என்ன நஷ்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரிம்மோடு டயர் 30 கிலோ, அதன் மையம் கதவுத் தகட்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி, கேரியரின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 செ.மீ. இடைவெளி என்று வைத்தால், நின்ற இடத்திலேயே மேல் போல்ட்டுகளை 22 கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கும். பள்ளத்தில் விழும்போது இது மும்மடங்கு ஆவது பெரிய விஷயமில்லை. ஐந்து செ.மீ. கூடுதலாகத் தள்ளினால் இழுவையில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். தாங்குவது என்னவோ கதவின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு. கேரியர் உடைவது அபூர்வம். போல்ட் துளையைச் சுற்றி பெயின்ட்டில் தலைமுடி போல ஒரு கோடு தெரியும், அது பெயின்ட் விரிசல் இல்லை, தகடே விரிகிறது.

போல்ட் கவரைத் திறக்காமல் அப்படியே ஓரம் வைத்துவிடலாம். தலையில் எந்த வலிமை கிரேடும் பொறிக்காத போல்ட்டை இந்த இடத்தில் போடக்கூடாது. பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் 8.8 பொறித்த போல்ட், தடித்த வாஷர், நைலாக் நட்டு (தானாகத் தளராதது) எல்லாம் சில்லறையாகவே கிடைக்கும். எம்8 (8 மி.மீ. போல்ட்) என்றால் இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர், எம்10 என்றால் 45 முதல் 50 வரை. பழைய துளையில் கதவுக்குள் பற்ற வைத்த நட்டு இருக்கிறது. ஏர் கன்னால் அடித்தால் அது பிய்ந்து உள்ளே சுற்ற ஆரம்பித்துவிடும், பிறகு டிரிம்மைக் கழற்றாமல் வழியில்லை. முதல் சில சுற்று கையால், கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்.

சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டட்டையும் (நட்டு ஏறும் மரைத்தண்டு) பார்க்க வேண்டும். சுஸுகி நட்டு எம்12 × 1.25, அதாவது விட்டம் 12 மி.மீ., மரை இடைவெளி 1.25. கிட்டில் சில சமயம் எம்12 × 1.5 ஸ்டட் வந்துவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், நட்டு ஓரிரு சுற்று ஏறிப் பிறகு மக்கர் பண்ணும். அங்கே ஸ்பேனர் போட்டு அழுத்தினால் மரை காலி. கடையிலேயே வண்டியின் சொந்த நட்டைக் கையால் ஏற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அலாய் ரிம்மின் தடிமனைத் தாண்டியும் எட்டு ஒன்பது சுற்று மரை பிடிக்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் இரண்டு தகடுகளும் சேரும் முகத்தில் பவுடர் கோட்டைச் சுரண்டி, மெல்லிசாக ஜிங்க் பிரைமர் அடிப்பது நல்லது. தடித்த கோட் போல்ட்டின் அழுத்தத்தில் நசுங்கும், நசுங்கியதும் இறுக்கம் போய்விடும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். வாசிகளுக்கு இன்னொன்று: வெட்டு ஓரங்களில் கோட் மெலிதாகத்தான் பிடித்திருக்கிறது, உப்புக் காற்றில் முதலில் துரு வருவது அங்கேதான். உள்துளைகளில் துரு தடுக்கும் கேவிட்டி வாக்ஸ் அடித்துவிட்டால் கவலை குறையும்.

கடைசி வேலை ஸ்டாப்பர். டயரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் ரப்பரால் பிரயோஜனமில்லை. இரண்டு மூன்று மி.மீ. அழுந்தி உட்கார வேண்டும். ஒரு செய்தித்தாள் துண்டை இடையில் வைத்து டயரை மாட்டுங்கள், இழுத்தால் கிழிய வேண்டும், வழுக்கி வந்தால் ஸ்டாப்பரை இன்னும் வெளியே திருகுங்கள். கிட்டோடு வரும் ரப்பர் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, வெயிலில் நின்றால் சீக்கிரம் அமுங்கிப்போகும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் பானட் ஸ்டாப்பர் கிடைக்கும், அது இதைவிடக் கெட்டி.

மாட்டி முடித்ததும் கதவைச் சாத்தி, டயரின் உச்சியைப் பிடித்து வெளியே இழுத்து ஆட்டவும். டயர் மட்டும் தனியாக ஆடினால் கோளாறு கேரியர் போல்ட்டில். டயரும் கதவும் சேர்ந்து ஆடினால் பூட்டு. கதவைத் திறந்து வைத்துத் தூக்கிப் பார்க்கும்போது கைப்பிடிப் பக்கம் மேலும் கீழும் அசைந்தால் கீல். ஜிம்னிக்குக் கீல் வலப்பக்கம், ஆகவே தொங்குவது எப்போதும் இடப்பக்கம்தான். மாட்டுவதற்கு முன்பே கதவைச் சுற்றி இடைவெளியை நாலு மூலையிலும் அளந்து எழுதி வைத்தால் பிறகு வாக்குவாதம் வேண்டியதில்லை. கதவு தொங்கியதும் சில ஷெட்டுகளில் ஸ்ட்ரைக்கரை (பூட்டு கவ்விப் பிடிக்கும் கொக்கி) இறக்கிப் பூட்ட வைத்துவிடுவார்கள். கதவு சாத்தும், மழையில் ரப்பர் பீடிங் வழியாகத் தண்ணீரும் வரும். கீலைத்தான் சரிசெய்யச் சொல்ல வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை டார்க் ரெஞ்சில் பார்க்கவும், காட்டுப் பாதைக்குப் போய் வந்தால் மறுபடியும்.

215/75 ஆர்15 போட்டவர்கள் இந்த கிட்டை வாங்க வேண்டியதில்லை. அதன் விட்டம் சுமார் 704 மி.மீ., ஆரம் ஐந்தாறு மி.மீ.தான் கூடுகிறது. முதலில் கம்பெனி கேரியரிலேயே மாட்டிப் பாருங்கள். 31 இன்ச் டயர்காரர்களுக்கு இது போதாது. அந்த எடையைக் கதவில் தொங்கவிடுவதே தப்பு, சேஸிஸில் பிடிக்கும் பம்பரும் அதில் பேரிங் வைத்துத் திரும்பும் தனிக் கையும்தான் வழி. அப்படிப் போகும்போது நம்பர் பிளேட்டும் ரிவர்ஸ் கேமராவும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்குள் வரும் என்பதால், டயர் அளவு பற்றி இன்சூரன்ஸ்காரரிடமும் முன்கூட்டியே கேட்டு வைப்பது உத்தமம். 235-க்கு மட்டும் இந்த கிட் சரி. ஐந்துக்கு மூன்றரை. நல்ல போல்ட்டும் கெட்டியான ரப்பரும் கவரில் போட்டுக் கொடுத்தால் நாலரை கொடுக்கலாம்.