செயின்ட் பேட்ரிக் நாள் மேசைக்கு எந்தப் பச்சை?

அயர்லாந்தின் தேசியத் திருநாளான செயின்ட் பேட்ரிக் நாளில், மார்ச் 17 அன்று, தலைநகர் டப்ளினின் ஊர்வலம் நண்பகலில் தொடங்கும். காற்றிலும் தூறலிலும் தெருவோரம் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு விரல்கள் விறைத்திருக்கும், வயிறு கபகபவென்று இருக்கும். விருந்துச் சாப்பாடோ மாலையில்தான். அதுவரை கொறிக்க ஸ்டார்ட்டராக என்ன வைப்பது?

அந்த நாளின் நிறமான பச்சையில் இருக்க வேண்டும். ஒரு கையில் கோப்பை இருந்தாலும் மறு கையால் எடுத்து வாயில் போட முடிய வேண்டும். இரண்டு மணி நேரமாவது நிறம் மாறாமல் நிற்க வேண்டும். இன்னொன்றும் எனக்கு முக்கியம்: அயர்லாந்து மண்ணின் ருசி அதில் இருக்க வேண்டும்.

சாயப் புட்டியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். சிகாகோவில் 1962 முதல் ஆற்றுக்கே பச்சை நிறம் கலக்கிறார்கள். அது அந்த ஊர்க் கொண்டாட்டம். கேல் கீரையும் காட்டுப்பூண்டு இலையும் கைக்குக் கிடைக்கிற மார்ச் மாதத்து அயர்லாந்தில் சாயத்துக்கு வேலையே இல்லை. இலையின் பச்சைக்கு வாசனை உண்டு, ருசி உண்டு. புட்டியின் பச்சைக்கு இரண்டும் கிடையாது.

பலரும் முதலில் நினைப்பது அவகாடோ முட்டை. அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவை அவகாடோவோடு மசித்துத் திரும்ப நிரப்புவது. 12 முட்டைக்கு 2 அவகாடோ போதும், 24 துண்டு வந்துவிடும். செய்வதும் சுலபம், வைத்த நிமிடத்தில் அழகும் அதுதான். ஆனால் அவகாடோவின் சதை காற்றுப் பட்டதும் பழுப்பேறத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஒரு வருடம் காலையிலேயே செய்து வைத்துவிட்டு ஊர்வலத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது தட்டு முழுக்கச் சேற்று நிறம். அத்தனையும் வீணானதில் மனது கஷ்டமாகிவிட்டது. போதாக்குறைக்கு, முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பதும் நல்லதில்லை. விருந்தினர் கண்முன் நிரப்பிக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பாலக் பஃப் சுருளில் அந்தக் கவலை இல்லை. முந்தைய வாரமே சுருட்டி ஃப்ரீசரில் வைத்து, ஆட்கள் வந்ததும் அவனில் போடலாம். குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். என் குறை ஒன்றுதான்: பொன்னிற மாவுக்குள் பச்சை ஒளிந்துகொள்கிறது. அயர்லாந்துச் செடார் சீஸ் சேர்த்தாலும், எந்த நாட்டு விருந்திலும் பொருந்திவிடுகிற பண்டமாகவே அது இருக்கிறது.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும்தான்.

ஒன்று, காட்டுப்பூண்டு வெண்ணெய் தடவிய பிரவுன் சோடா ரொட்டி, மேலே புகையூட்டிய சால்மன். ஈஸ்ட் இல்லாமல் மோரும் சமையல் சோடாவும் கொண்டு பொங்கவைக்கிற ரொட்டி இது. இந்த நாட்டில் விளையும், பசை குறைந்த மென்கோதுமைக்கு இந்த முறைதான் ஒத்துவந்தது. 100 கிராம் வெண்ணெய்க்கு ஒரு கைப்பிடி இலையை நறுக்கி வேகவைக்காமலே கலக்கிறேன். அடுப்புக்கே போகாததால் நிறம் அப்படியே நிற்கும். வெண்ணெயைக் கனமாகத் தடவி, சால்மனைச் சின்னச் சுருளாக மட்டும் வைத்தால் பச்சை வெளியே தெரியும். மீன் வேண்டாதவர்களுக்குக் காஷெல் புளூ சீஸ். அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் 1984 முதல் செய்கிறார்கள், பூண்டின் காரத்துக்கு அதன் உப்பு நன்றாக எடுபடும். ரொட்டியை மட்டும் அன்றைக்கே சுட வேண்டும். சோடா ரொட்டி மறுநாளே வறண்டுவிடும்.

காட்டில் பறிப்பவர்கள் கவனமாக இருங்கள். காட்டுப்பூண்டுக்கு நடுவிலேயே ‘லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்’ என்ற நச்சுச்செடியும் முளைத்திருக்கும். கையில் பூண்டு வாடை ஏறிய பிறகு முகர்ந்து பார்த்துப் பயனில்லை. ஒவ்வோர் இலையையும் கண்ணால் பார்த்தே பறிக்க வேண்டும். சந்தேகமிருந்தால் கடையில் வாங்குங்கள்.

மற்றொன்று கோல்கேனன் வடை. கோல்கேனன் என்பது மசித்த உருளைக்கிழங்கில் கேலோ முட்டைகோஸோ வெங்காயத்தாளோடும் வெண்ணெயோடும் சேர்த்துச் செய்வது. அக்டோபர் 31, ஹாலோவீன் இரவில் அதற்குள் மோதிரத்தையும் காசையும் ஒளித்துவைத்து, யாருக்கு எது கிடைக்கிறது என்று குறி பார்ப்பது பழைய வழக்கம். அக்டோபர் உணவை மார்ச்சில் பரிமாறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குளிர்காலத்தைத் தாங்கி நின்ற கேல் மார்ச்சிலும் தோட்டத்தில் இருக்கிறது; எனக்கு அந்த நியாயம் போதும்.

1 கிலோ கிழங்குக்கு 250 கிராம் கேல், 4 வெங்காயத்தாள், 50 கிராம் வெண்ணெய். மசிக்கும்போது பால் ஊற்றாதீர்கள், வடை உடைந்துபோகும். கேலின் தண்டை நீக்கி, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் இரண்டே நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றுங்கள். இலைப்பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்று, நிறம் காக்கியாகிவிடும். கீரையை மூடி வேகவைக்காதே என்று நம் வீடுகளில் சொல்வதும் இதற்காகத்தான். மூடினால் கீரையிலிருந்து கிளம்பும் புளிப்பு ஆவியோடு போக வழியில்லாமல் பானைக்குள்ளேயே தங்கிவிடும். எலுமிச்சையும் அதனால்தான் இங்கே ஆகாது. அவகாடோவைக் காப்பாற்றுகிற அதே சாறு கேலைக் கெடுத்துவிடும்.

கேலை நன்றாகப் பிழிந்து பொடியாக நறுக்கிக் கலந்து, முந்தைய இரவே 24 வடைகளாகத் தட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் காலையில் இறுகியிருக்கும். மாவில் லேசாகப் புரட்டி வெண்ணெயில் இருபுறமும் சிவக்கவிடுங்கள். ஊர்வலம் முடிந்து வந்ததும் 180 டிகிரி அவனில் பத்து நிமிடம் வைத்தால் போதும். மேற்புறம் சிவந்திருந்தாலும் கடித்த இடத்தில் பச்சை தெரியும். மேலே ஒரு சொட்டுக் காட்டுப்பூண்டு வெண்ணெய் உருகி வழிந்தால் வெளியிலும் தெரியும்.

ரொட்டிதான் பார்வைக்கு அதிகப் பச்சை, வேலையும் குறைவு. ஆனாலும் குளிரில் நடுங்கி வருகிறவர் கையில் ஆறிய ரொட்டியைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. வடைத் தட்டுதான் முதலில் போகும். ரொட்டியை அரை மணி நேரம் கழித்து, எல்லோரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்த பிறகு எடுத்துவருவேன். நாலைந்து வடையை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் சூடாக்கி, மேலே ஒரு பொரித்த முட்டை போட்டுச் சாப்பிடலாம்.