லண்டன் கவுன்சில் சைக்கிள் வகுப்பு: இரண்டு வருடம் கழித்து

லண்டனில் பெரும்பாலான பரோ கவுன்சில்கள் (அந்தந்தப் பகுதியின் நகராட்சிகள்) பெரியவர்களுக்கும் சைக்கிள் கற்றுத்தருகின்றன, பல இடங்களில் காசு வாங்காமல். நாற்பது வயதுக்கு மேல் ஆரம்ப வகுப்பில் சேர்ந்து, இப்போது தெற்கு லண்டனில் வேலைக்கே சைக்கிளில்தான் போகிறேன். இனிமேல் எதற்கு என்று தயங்குகிறவர்கள் கட்டாயம் சேருங்கள்.

முதலில் பெடலைக் கழற்றிவிடுவார்கள். சீட்டை இறக்கி, இரண்டு காலும் தரையில் படும்படி உட்காரவைத்து, உந்தி உந்திப் போகச் சொல்வார்கள். காலைத் தூக்கினாலும் வண்டி சாயாது என்று உடம்புக்குப் பிடிபட்ட பிறகுதான் பெடல். யாராவது சீட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடிவரும் நம் ஊர் முறையைவிட இதில் பயம் ரொம்பக் குறைவு.

ஆனால் வகுப்பின் உயிரே சாலைப் பயிற்சிதான். நிற்கும் காரிலிருந்து 1 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. திரும்புவதற்கு முன் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். அமைதியான தெருவில் ஓரத்தில் ஒட்டாமல் நம் லேனின் நடுவில் ஓட்டலாம். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான, 2022இல் திருத்திய ஹைவே கோடே அப்படித்தான் சொல்கிறது. பின்னால் வேன் உறுமும்போது பதறாமல் நடுவில் போகிற தைரியம் யூடியூப் பார்த்து வராது. பயிற்சியாளர் கூடவே ஓட்டிவந்ததால்தான் எனக்கு வந்தது.

அப்புறம் என் மாமனார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு இடது கையில் பிடிமானம் இல்லை. குராய்டன் அரீனாவில், மாற்றுத்திறனாளிகள் சைக்கிள் ஓட்ட உதவும் வீல்ஸ் ஃபார் வெல்பீயிங் அமைப்பு நடத்திய சைக்கிள் அமர்வுக்கு அழைத்துப்போனேன். மூன்று சக்கர வண்டி, கையால் சுழற்றி ஓட்டுவது, இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிப்பது என்று வகைவகையாக வைத்திருந்தார்கள். அவருக்குக் கிடைத்த வண்டியில் வலது கைப் பக்கம் ஒரே பிரேக். இடது காலை பெடலோடு பட்டையால் கட்டிவிட்டார்கள். "மெதுவா, மாமா" என்றால், "நீ பின்னால வாம்மா" என்று போய்விட்டார்.

குறையும் உண்டு. எங்கள் கவுன்சில் வகுப்புகள் பெரும்பாலும் வார நாட்களில் பகலில்தான். வேலைக்குப் போகிறவர் லீவு போட வேண்டும். அதைவிடப் பெரிய குறை, பூங்காப் பாதைகளின் வாசலில் மோட்டார் பைக்கைத் தடுக்க வைத்திருக்கும் இரும்புத் தடுப்புகள். மூன்று சக்கர வண்டி அதில் நுழையாது, மாமனாரால் இறங்கித் தூக்கவும் முடியாது. பார்க்கிற தடுப்பையெல்லாம் படம் எடுத்து கவுன்சிலுக்கு அனுப்புகிறேன். ஒன்றை அகற்றிவிட்டார்கள். மற்றவற்றுக்கு நீங்களும் எழுதுங்கள்.